உலக்கைக்குப் பூண்... கிட்டாருக்குப் புஷ்! விரிசல் விடாமல் மரத்துக்குள் உலோகம் ஏற்றுவது எப்படி?

மனதில் ஒரு காட்சியை ஓட்டிப் பாருங்கள்.

ராஜபாளையத்தில் ஒரு வீடு. அப்பாவுக்கு ஸ்பின்னிங் மில்லில் வேலை. தீபாவளி போனஸில் ஒரு பங்கை ஒதுக்கி, காலேஜ் முதல் வருஷம் படிக்கும் மகளுக்கு செகண்ட் ஹேண்டில் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கிக் கொடுத்திருக்கிறார். கிட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. கம்பிகள் உட்காரும் பிரிட்ஜ் மட்டும் துருப்பிடித்துக் கிடக்கிறது. ஆன்லைனில் புது பிரிட்ஜுக்கு ஆர்டர் போட்டாயிற்று, பார்சலும் வந்தாயிற்று. பழைய புஷ்ஷைக் கழற்றிவிட்டுப் புது புஷ்ஷை ஓட்டையில் வைத்தால், கால்வாசி இறங்கி நின்றுவிடுகிறது.

வீட்டில் சுத்தியல் இருக்கிறது. வீடியோவில் ஒருவர் நாலு போடு போட்டு இறக்கிக் காட்டுகிறார். அடித்துவிடலாமா?

இந்த ஒரு நிமிடத்தில்தான் பல கிட்டார்கள் கெட்டுப்போகின்றன. பெயின்ட் சில்லு சில்லாகப் பெயரும். புஷ் சாய்ந்து ஏறும். சில சமயம் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஐந்தாறு மாதம் கழித்து, முடி போல ஒரு விரிசல் எட்டிப் பார்க்கும்.

நம் கதையில் வரும் பெண் புத்திசாலி. சுத்தியலை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறுகிறாள். அங்கே அம்மாவைப் பெற்ற தாத்தா இருக்கிறார். ஒரு காலத்தில் மாட்டு வண்டிச் சக்கரம் செய்த தச்சர். கிட்டாரைக் கையில் எடுத்ததே இல்லை. ஆனால் மரத்துக்குள் இரும்பு ஏறுவதைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

புஷ் என்றால் என்ன?

எலெக்ட்ரிக் கிட்டாரின் உடல் பெரும்பாலும் கெட்டியான ஒரு மரப்பலகை. அதில் உலோகம் ஏறும் இடங்கள் பல. பிரிட்ஜைத் தாங்கும் இரண்டு புஷ், சில மாடல்களில் உடலின் பின்பக்கம் கம்பி நுழையும் ஆறு சின்னப் பூண்கள், தலைப்பகுதியில் ட்யூனர்களுக்கான வளையங்கள், வார் மாட்டும் பட்டன், ஒயர் செருகும் ஜாக் என்று பட்டியல் நீளும்.

இவற்றில் அதிகம் சுமப்பது பிரிட்ஜ் புஷ்தான். பிரிட்ஜின் ஸ்குரூவை நேராக மரத்தில் திருகினால் நாளாக நாளாக மரை தேய்ந்து ஆட ஆரம்பிக்கும். அதனால் உள்ளே மரை வெட்டிய பித்தளை அல்லது எஃகுக் குழல் ஒன்றை முதலில் மரத்தில் இறுக்கமாக இறக்கிவிடுவார்கள். ஸ்குரூ அந்தக் குழலுக்குள் திருகும். குழலின் வெளிப்பக்கம் வரிவரியாகச் சொரசொரப்பாக இருக்கும். மரத்தைக் கவ்விப் பிடிப்பதற்காகவே அந்த வரிகள்.

வழக்கமான 10 நம்பர் கம்பி செட்டை ஏற்றி சுருதி கூட்டினால், ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் இழுவை சுமார் 45 கிலோ. இரண்டு 25 கிலோ அரிசி மூட்டைக்குக் கொஞ்சம்தான் குறைவு. புஷ் தளர்வாக இருந்தால் இந்த இழுவையில் முன்பக்கம் சாயும், சுருதி நிற்காது. அதற்காக அளவுக்கு மீறி இறுக்கினால் மரம் பிளக்கும். பிரிட்ஜுக்கு முன்னால் பிக்அப் உட்காரும் குழி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது கொஞ்ச மரம்தான். விரிசல் விழுந்தால் பெரும்பாலும் அங்கேதான் விழும்.

வெளியே இருந்தால் பூண், உள்ளே இருந்தால் ஆப்பு

தாத்தா கிட்டாரைத் திருப்பிப் பார்க்கிறார். விரலால் ஓட்டையைத் தடவுகிறார்.

"எதுக்கு தாயி இது ஏறல?"

"தெரியல தாத்தா. டைட்டா இருக்கு."

"டைட்டா இருக்குங்கிறது எனக்கும் தெரியுது. ஏன் டைட்டா இருக்குன்னுதான் கேட்டேன்."

முழு விஷயமும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

உலக்கையின் அடியில் இரும்புப் பூண் இறுக்கமாக மாட்டியிருக்கும். உளிப்பிடியின் தலையிலும் உண்டு. அங்கே எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லது. காரணம், பூண் மரத்தின் வெளியே இருக்கிறது. நாலாப் பக்கமும் மரத்தை உள்நோக்கி அமுக்கிக் கட்டிவைக்கிறது. உலக்கை எத்தனை இடி இடித்தாலும் நுனி பிளக்காமல் இருப்பது அதனால்தான்.

கிட்டார் புஷ் இதற்கு நேர் எதிர். மரத்தின் உள்ளே உட்கார்ந்து வெளிநோக்கித் தள்ளுகிறது. விறகு பிளக்க அடிக்கும் ஆப்பு செய்வதும் இதே வேலைதான். ஆகவே கொஞ்சம் இறுக்கம் பிடிமானம் தரும், அதிக இறுக்கம் ஆப்பாகிவிடும்.

வண்டிச் சக்கரம் செய்தவர்களுக்கு இது பழகிய கணக்கு. சக்கரத்தின் நடுவில் இருக்கும் குடத்துக்குள் இருசு சுழல இரும்புக் குழல் இறக்குவார்கள். அது உள்ளேயிருந்து மரத்தைத் தள்ளும். அதைச் சமாளிக்கக் குடத்தின் வெளிப்பக்கம் இரும்புப் பூண் போட்டுக் கட்டிவிடுவார்கள். கிட்டாருக்கு அப்படி வெளியே பூண் போட வழியில்லை. அதனால் உள்ளே இருக்கும் இறுக்கத்தைத்தான் அளந்து வைக்க வேண்டும்.

ரேடியோ மெக்கானிக் போட்ட பாதை

கெட்டிப் பலகையில் கிட்டார் செய்யும் யோசனைக்கு இன்னும் நூறு வயது ஆகவில்லை. அமெரிக்காவில் லெஸ் பால் என்ற கிட்டார் கலைஞர் 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு பைன் மரக்கட்டையில் பிக்அப் பொருத்தி வாசித்துப் பார்த்தார். பெயரே 'மரக்கட்டை' என்றுதான். 1950-ல் லியோ ஃபெண்டர் கெட்டிப் பலகைக் கிட்டாரைத் தொழிற்சாலையில் செய்து விற்க ஆரம்பித்தார். அவர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது என்பது சுவாரஸ்யம். ரிப்பேர்காரர் என்பதால் கழற்றி மாட்ட வசதியாகவே வடிவமைத்தார். கழுத்தைப் பசை போட்டு ஒட்டாமல் ஸ்குரூ போட்டு முடுக்கினார். கம்பிகளை உடலின் பின்பக்கமிருந்து நுழைத்து, நுழையும் இடத்தில் சின்னச் சின்ன உலோகப் பூண்களைப் பதித்தார். இன்று டெலிகாஸ்டர் என்று உலகம் சொல்லும் கிட்டார் அதுதான்.

நம் பக்கத்து மேடைக்கும் இந்தக் கெட்டி மரக்கட்டை வந்தது. 1980-களில் சிறுவனாக சென்னை சபாக்களை அசத்திய யு.ஸ்ரீநிவாஸ் வாசித்தது எலெக்ட்ரிக் மாண்டலின். எட்டுக் கம்பிகள் ஜோடி ஜோடியாக இருக்கும் வழக்கத்தை விட்டு, ஐந்து ஒற்றைக் கம்பிகளோடு அதில் கர்நாடக இசையின் கமகங்களைக் கொண்டுவந்தார். அப்படி நுணுக்கமாக வாசிக்கும் கருவியில் ஒரு ஸ்குரூ ஆடினாலும் ஸ்வரம் ஆடும்.

ஏன் ஏறவில்லை? நான்கு காரணங்கள்

1. ஓட்டைக்குள் பெயின்ட். புது உடல்களில் இதுதான் அதிகம். துளை போட்ட பிறகு பெயின்ட் அடிப்பதால் உள்சுவரிலும் ஒரு படலம் படிந்துவிடும். இன்றைய கிட்டார்களில் அடிக்கும் பாலியெஸ்டர் பூச்சு கண்ணாடி மாதிரி. அழுத்தினால் வளையாது, சில்லாகப் பெயரும்.

2. அங்குலமும் மில்லிமீட்டரும். அமெரிக்க அளவில் வந்தவை அங்குலக் கணக்கு. ஆசியத் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் மில்லிமீட்டர். ட்யூனரையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மாடலுக்கான ஓட்டை சுமார் 8.7 மி.மீ., புது மாடலுக்கு 10 மி.மீ. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், மாட்டினால் ஏறாது.

3. சாய்வு. புஷ் நேராக நிற்காமல் துளி சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் மட்டும் கடிக்கும். சுத்தியலால் அடிக்கும்போது நடப்பது இதுதான். ஒவ்வொரு அடியும் ஒவ்வொரு பக்கம் விழும், வட்டமான ஓட்டை முட்டை வடிவமாகும்.

4. பருவம். மழைக்கால மரமும் கோடைக்கால மரமும் ஒரே அளவில் இருப்பதில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

ஐப்பசியில் அடித்தது சித்திரையில் வெடிக்கலாம்

காற்றில் ஈரம் கூடினால் மரம் ஊறி விரியும். காய்ந்தால் சுருங்கும். ரேகை ஓடும் நீளவாக்கில் மாற்றம் மிகக் குறைவு. ரேகைக்குக் குறுக்கேதான் அதிகம்.

மரம் ஊறினால் ஓட்டை சுருங்கிவிடும் என்றே பலரும் நினைப்பார்கள். சுற்றிலும் எதுவும் தடுக்காத கட்டையில் நடப்பது வேறு. மரம் விரியும்போது ஓட்டையும் சேர்ந்து, ரேகைக்குக் குறுக்கே, துளி அகலும். மரம் காயும்போது ஓட்டையும் குறுகும்.

விருதுநகர் மாவட்டத்துக்கு முக்கிய மழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த ஈரத்தில் மரம் விரிந்திருக்கும்போதே ஒரு புஷ்ஷை அடித்துத் திணித்தால் என்ன ஆகும்? சித்திரை வெயிலில் மரம் சுருங்கப் பார்க்கும். உள்ளே இருக்கும் பித்தளை வெயிலில் காய்ந்து சுருங்கப்போவதில்லை. மரம் எங்கே போகும்? ரேகை வழியே வாய் திறக்கும். பெயின்ட் பூச்சு ஈரம் ஏறி இறங்குவதைத் தாமதப்படுத்துமே தவிர அடியோடு நிறுத்தாது.

அதனால் மழைக்காலத்தில் வாங்கிய உடலை ஒன்றிரண்டு வாரம் வீட்டுக்குள் உலர்ந்த அறையில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது. வெயிலில் காயவைக்கக் கூடாது. வேகமாகக் காய்ந்தாலும் விரிசல்தான்.

ஃப்ரீசரில் வைத்தால் சுருங்காதா?

"புஷ்ஷை ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வையுங்கள், சுருங்கிவிடும், சுலபமாக ஏறும்" என்று ஒரு யோசனை உலவுகிறது. பேத்தியும் அதைக் கேட்கிறாள்.

"தாத்தா, நீங்க பட்டாவைக் காய்ச்சித்தானே சக்கரத்துல மாட்டுவீங்க? அதே மாதிரி இதைக் குளிர வெச்சா?"

கேள்வி சரியானது. கணக்குதான் உதைக்கிறது.

ஐந்தடி விட்டமுள்ள சக்கரத்துக்கு இரும்புப் பட்டாவை நெருப்பில் காய்ச்சி, 400 டிகிரி சூடு கூட்டினால், அதன் விட்டம் சுமார் 7 மி.மீ. விரியும். அந்த இடைவெளியில் மரச் சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றினால் பட்டா சுருங்கி இறுகிக்கொள்ளும். பட்டா பெரியது, சூடும் அதிகம். அதனால் பலிக்கிறது.

கிட்டார் புஷ்ஷோ 11 மி.மீ. விட்டம். 30 டிகிரியிலிருந்து ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரிக்குக் கொண்டுபோனால் பித்தளை சுருங்குவது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு. ஒரு ஏ4 தாளின் கனமே அதைப்போலப் பத்து மடங்கு. வெளியே எடுத்ததும் அதன் மேல் நீர் வேர்த்து, அந்த ஈரம் மரத்துக்குள் போவதுதான் மிச்சம்.

சரி, எப்படி இறக்குவது?

முதலில் அளவு. வெர்னியர் காலிப்பரில் புஷ்ஷின் வரிகளுக்கு மேல் வைத்து விட்டத்தைப் பாருங்கள். பிறகு ஓட்டையை இரண்டு திசையில் அளந்து பாருங்கள். ஓட்டை புஷ்ஷைவிட 0.1 முதல் 0.2 மி.மீ. சிறியதாக இருந்தால் போதும். ஒன்றிரண்டு ஏ4 தாளின் கனம், அவ்வளவுதான். அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் அழுத்த வேண்டாம், ஓட்டையைத் திருத்த வேண்டும்.

ஓட்டையின் வாய். சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். சரிவான முனையுள்ள பிட்டைக் கையால் பிடித்து மெதுவாகத் திருகி, வாயில் மெல்லிய சரிவு கொடுங்கள். உலோகம் முதலில் பெயின்டில் முட்டாமல் மரத்தைத் தொட வேண்டும். பெயின்ட் பெயராமல் இருக்க இந்தச் சின்ன வேலை பெரிதும் உதவும்.

ஓட்டையின் சுவர். உருளைக் குச்சியில் உப்புத்தாளைச் சுற்றி, உள்ளே படிந்த பெயின்டை மட்டும் தேய்த்து எடுங்கள். நாலு சுற்று தேய்த்ததும் புஷ்ஷை வைத்துப் பாருங்கள். மறுபடி நாலு சுற்று. ஏற்கெனவே இருக்கும் ஓட்டையில் கை டிரில்லை ஓட்டக் கூடாது. பிட் சட்டென்று கவ்வி இழுத்து, வாயைப் பிய்த்துவிடும்.

ஒத்திகை. அதே வகை மரத்துண்டு ஒன்றில் அதே அளவு ஓட்டை போட்டு புஷ்ஷை இறக்கிப் பாருங்கள். துண்டு பிளந்தால் கிட்டாரும் பிளக்கும்.

எர்த் ஒயர். பல கிட்டார்களில் பிரிட்ஜுக்கு எர்த் கொடுக்கும் மெல்லிய ஒயர் ஒரு புஷ்ஷின் ஓட்டைக்குள்தான் வந்து நிற்கும். அதன் நுனி புஷ்ஷைத் தொட்டபடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். மறந்தால் ஆம்ப்ளிஃபையரில் இரைச்சல் வரும், இறக்கிய புஷ்ஷை மறுபடி பிடுங்க வேண்டியிருக்கும்.

அடிக்காமல் அழுத்துங்கள். சுத்தியலுக்குப் பதில் லேத் பட்டறைகளில் இருக்கும் நின்ற நிலை டிரில்லிங் மெஷின் உதவும். பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும், மோட்டாருக்கு இங்கே வேலை இல்லை. புஷ்ஷுக்குள் அதே மரையுள்ள ஒரு போல்ட்டைத் திருகி, போல்ட்டின் முனையை சக்கில் பிடித்து, கைப்பிடியால் மெதுவாகக் கீழே இறக்கினால் புஷ் நேராக உட்காரும். கிட்டாருக்கு அடியில் மடித்த போர்வை அல்லது ரப்பர் விரிப்பு. நீளமான கை உள்ள சி கிளாம்ப் இருந்தால் அதுவும் சரி. உலோகத்துக்கும் கிளாம்புக்கும் நடுவே ஒரு மரத்துண்டு வைக்க வேண்டும். கொஞ்சம் இறக்கியதும் மூலைமட்டம் வைத்துச் சாய்வு பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

பசையில் எச்சரிக்கை. ஓட்டை தளர்வாக இருந்தால்தான் பசை தேவை. அதையும் சுவரில் மெல்லப் பூச வேண்டும். அடியில் ஊற்றிவிட்டு அழுத்தினால், போக வழியில்லாத பசை சிரிஞ்சுக்குள் மருந்து போல அழுத்தம் ஏறி மரத்தையே பிளக்கப் பார்க்கும்.

பின்பக்கப் பூண்களுக்கும் இதே முறைதான். அவை சின்னவை என்பதால் ஆறையும் ஒரே தம்மில் அழுத்திவிட ஆசை வரும். ஒவ்வொன்றாக இறக்கினால்தான் வரிசை நேராக நிற்கும். வார் பட்டன் போன்ற ஸ்குரூக்களுக்கு முன்கூட்டியே சின்ன ஓட்டை போட்டு, ஸ்குரூ மரையில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டுத் திருகுங்கள். தலை முறியாது, மரமும் பிளக்காது.

பாதியில் சிக்கிக்கொண்டால்?

இடுக்கியால் பிடித்து ஆட்ட வேண்டாம். ஆப்பை அசைத்த குரங்கின் கதை சின்ன வயதிலேயே படித்ததுதானே!

புஷ்ஷைச் சுற்றி பெயின்ட் ஒட்டியிருந்தால் கூர்மையான பிளேடால் வட்டமாக ஒரு கீறல் போடுங்கள். புஷ்ஷின் உள்ளே, அடியில், ஒரு சின்ன எஃகுத் துண்டைப் போடுங்கள். மேலிருந்து பிரிட்ஜ் ஸ்குரூவைத் திருகுங்கள். ஸ்குரூ கீழே துண்டில் முட்டியதும், தொடர்ந்து திருகத் திருக, புஷ் தானாக மேலே ஏறி வரும். இழுப்பதும் இல்லை, நெம்புவதும் இல்லை.

விரிசல் விழுந்தே விட்டதா? உடனே கம்பிகளைத் தளர்த்திவிடுங்கள். விரிசல் சின்னதாக இருக்கும்போதே பசையை உள்ளே ஊறவிட்டு கிளாம்ப் போட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். இழுவையோடு விட்டால் நாளுக்கு நாள் நீளும். கிட்டார் ரிப்பேருக்கென்று தனிக் கடை எல்லா ஊரிலும் இருப்பதில்லை. ஆனால் நல்ல தச்சர் எல்லா ஊரிலும் இருக்கிறார். ஒட்டும் வேலைக்கு அவர் கை போதும்.

கடைசியில்...

ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுத் திண்ணையில் காலையில் தொடங்கிய வேலை மதியம் தாண்டியும் நடக்கிறது. அதில் முக்கால்வாசி நேரம் அளப்பதும் தேய்ப்பதும் வைத்துப் பார்ப்பதும்தான். அழுத்தியது மொத்தமே பத்து நிமிடம்.

புஷ் விளிம்போடு விளிம்பாக உட்கார்ந்திருக்கிறது. பெயின்டில் ஒரு கீறல் இல்லை. தாத்தா விரல் நகத்தால் சுற்றிலும் தடவிப் பார்க்கிறார்.

"உங்கப்பன் போனஸ் தப்பிச்சுது தாயி."

ராத்திரி ராஜபாளையம் வீட்டில் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா கேட்பது ஒன்றே ஒன்றுதான். "மாட்டியாச்சா? எங்க, வாசி பாப்போம்."

சுருதி கூட்டி வைத்த கம்பி, மறுநாள் காலையிலும் அதே சுருதியில் நிற்கிறது.